சாமுண்டி வெட்டாமல் விட்ட புதர்

பெருங்களத்தூரில் சாமுண்டீஸ்வரியைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவள் குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. 2005இல் அவளுக்கு மலைமேல் உத்தியோகம். பெரிய மலை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், குடியிருப்புக்குப் பின்னால் நிற்கிற பாறைக் குன்றுதான். அதைப் பச்சையாக்கியே தீருவதென்று குடியிருப்போர் சங்கத் தலைவர் தோத்தாத்ரி கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். ரயில்வேயில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேம்பும் புங்கமுமாக இருநூறு கன்று. நடுவதும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுவதும் சாமுண்டியின் வேலை.

தோத்தாத்ரிக்குப் புதர் என்றாலே ஆகாது. பாம்பு அடையும், போட்டோவுக்கு நன்றாயிருக்காது, கன்றுக்குப் போகிற தண்ணீரை அதுவே குடித்துவிடும். குன்றை மழமழவென்று வழித்துவிட்டுத்தான் நட வேண்டும் என்று உத்தரவு போட்டார். சாமுண்டியும் முன்பக்கச் சரிவை வழித்தாள். பின்பக்கத்துக் காரைப் புதரும் சூரைமுள்ளும் கையைக் கிழித்த கிழிப்பில், போய்யா நீயும் உன் மலையும் என்று விட்டுவிட்டாள். அங்கே நட வேண்டிய நாற்பது கன்றையும் புதருக்குள்ளேயே சந்து பார்த்துச் செருகினாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பின்பக்கம் யார் வரப்போகிறார்கள்?

கத்திரி வெயில் வந்தது. தினமும் முப்பது குடம் தூக்கி இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். முன்பக்கக் கன்றுகள் ஒன்றுவிடாமல் கருகின. விழலுக்கு இறைத்திருந்தாலும் விழலாவது மிஞ்சியிருக்கும்! அவள் தண்ணீரே ஊற்றுவதில்லை, குடத்தைக் கவிழ்த்துப்போட்டுத் தூங்குகிறாள் என்று சங்கத்தில் பேச்சு கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவளை நிறுத்திவிடுவதாக ஏற்பாடு. வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். தூங்கினாள் என்று சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை, ஒன்றிரண்டாவது பிழைத்திருந்தால் சாட்சிக்கு ஆகுமே என்று பின்பக்கம் போய்ப் பார்த்தாள். முப்பத்தாறு கன்று, முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று நின்றன. துள்ளிக் குதித்தாள். அடுத்த நிமிஷமே தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். இதைக் காட்டினால் புதரை வெட்டாத குட்டு உடையுமே!

ஆனது ஆகட்டும் என்று மறுநாள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனாள். தோத்தாத்ரிக்கு முகமெல்லாம் பல். புதரைக்கூட அவர் கவனிக்கவில்லை. "இதுக்கு மட்டும் ஒழுங்கா தண்ணி ஊத்தியிருக்கியே. அப்போ முன்பக்கத்துலதான் தூங்கினியா?" என்றார்.

ஆமாம் சாமி போட்டிருந்தால் பாதியாவது தப்பித்திருப்பாள். வாய் சும்மா இருந்தால்தானே.

"சார், இதுங்களுக்கு ஒரு சொட்டு ஊத்தல. சோம்பேறித்தனம், புதரையும் வெட்டல. நான் உசுர வுட்டு தண்ணி ஊத்தினதுங்கதான் சார் பூரா செத்துப்போச்சு."

சங்கத்தில் இருந்த ஜெயசீலி கல்லூரியில் தாவரவியல் சொல்லித் தருகிறவர். புதரடியில் உட்கார்ந்து மண்ணை விரலால் மெல்ல விலக்கினார். மட்கின சருகுக்கடியில், வேர்களைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிசாக வெள்ளை இழைகள். அது பூஞ்சை என்றார். வேர் நுழைய முடியாத பாறை இடுக்கிலும் அது நுழைந்து தண்ணீரும் சத்தும் கொண்டுவந்து கொடுக்குமாம், கூலியாகச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளுமாம். புதர் நிழல் தந்து, சருகு உதிர்த்து, அந்தப் பூஞ்சையை உயிரோடு வைத்திருக்கும். பக்கத்தில் வந்து சேர்கிற கன்றுக்கும் அதில் பங்கு உண்டு. மொட்டைப் பாறையில் எத்தனை குடம் ஊற்றினாலும் பூஞ்சைக்குப் போக்கிடம் இல்லை.

சாமுண்டியின் முகம் சுண்டிவிட்டது.

"அப்ப நான் எதுக்கு மேடம்? எல்லாத்தையும் புதரே பாத்துக்குதே."

தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னை மாதிரி அசடு ஒருத்தன் அரிவாளோட ஏறி வந்தா, தடுக்க ஆள் வேண்டாமா? உன்மேல அபாண்டமா பழி போட்டுட்டேன், சாமுண்டி."

முப்பது குடத்துக்கும் அழாதவள் அதற்கு அழுதாள்.

ஐப்பசி மழையில் புதிய கன்றுகளைப் புதர் புதராகப் பார்த்து நட்டார்கள். நடக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று தோத்தாத்ரி ஒரே ஒரு காரைக் கிளையை ஒடித்தார். குன்றிலிருந்து அவர் வீட்டு கேட் வரைக்கும் சாமுண்டி அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.