எல்லையம்மன் முன்னால் ஸ்பீக்கரில் போட்ட போன்

போன வருடம் மாசி மாதம் என் தையல் ஷெட்டில் இருந்த ஆறு மிஷின்களுக்கும் பழைய புடவையைப் போர்த்தினேன். வேலை செய்த ஐந்து பெண்களையும் கூப்பிட்டு, "ஆர்டர் வந்தா சொல்றேன், இப்போ வூட்டுக்குப் போங்க" என்றேன். ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் கேட்டிருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

அம்மனை நம்பி இருக்கிற என் ஜனங்களே, நான் நகரி காலனி மஞ்சுளா. நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்திருப்பீர்கள், ஆடிக்கூழில் வெங்காயம் உரிக்கிறவள் நான்தான். அம்மன் எனக்குச் செய்ததை எழுதச் சொல்லி பஜனை மண்டலியில் மூன்று தடவை கேட்டார்கள். நான் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். ஏனென்றால் அவள் செய்ததை எழுதினால் நான் செய்ததையும் எழுத வேண்டும். அது வெட்கக்கேடு. ஆனாலும் எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு கேன்டீன்காரருக்கு எட்டு வருடம் ஏப்ரனும் தலைக்குல்லாவும் தைத்துக் கொடுத்தேன். துணி நம் நகரி தறித் துணிதான். அவர் வயதாகிவிட்டது என்று தொழிலை மூடிவிட்டார். அவரை விட்டால் எனக்கு யாரையும் தெரியாது. ஒரே ஒரு ஆளை நம்பிப் பிழைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. என் வீட்டுக்காரர் பவர்லூமில் வேலை பார்க்கிறவர். நல்ல மனிதர், ஆனால் வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகப் பேசுவார்.

"ஆடி வரிக்கும் பாரு. அதுக்குள்ள ஆர்டர் வரலன்னா மிஷின வித்துட்டு நீயும் தறிக்கு வந்துடு" என்றார்.

கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் பன்னிரண்டு வருடம் தறிக்கூடத்தில் நூல் சுற்றியவள் நான். மேஸ்திரி கண்ணை உருட்டினால் தலையைக் குனிய வேண்டும். அந்தக் குனிவு போதும் என்றுதான் ஒவ்வொரு மிஷினாக வாங்கினேன். திரும்பவும் அங்கேயா? அதற்குப் பதில் என் உயிர் போகலாம் என்று தோன்றியது.

இதற்கு நடுவில்தான் கௌரி.

கௌரி என் ஓரகத்தி, என் கொழுந்தன் பெண்சாதி. வடமாலபேட்டைப் பெண், ஆந்திராவிலேயே பிறந்து தெலுங்கு படித்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு வருடம் என் ஷெட்டில்தான் தைத்தாள். அப்புறம் என் சுவரை ஒட்டியே தனி ஷெட் போட்டு மூன்று மிஷின் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது. "நல்லா இரு" என்று வாய் சொன்னது, வயிறு வேறு சொன்னது. அவள் மிஷின் சத்தம் சுவர் வழியாக என் காதிலேயே ஓடும்.

பங்குனியில் கௌரி வந்து, "அக்கா, திருப்பதில வெண்டர் மீட்டாம். நம்ம ஜனம் நடத்துற யூனிட்டுங்ககிட்ட வாங்கணும்னு பெரிய கம்பெனிக்காருங்க வராங்களாம். நாலு பேரு மூஞ்சியப் பாத்தாதான நம்மளத் தெரியும். வா போலாம்" என்றாள். ஒரே பஸ்ஸில் போனோம். நல்ல புடவை கட்டிக்கொண்டு, மாதிரிக்கு இரண்டு ஏப்ரன் எடுத்துக்கொண்டு, ஜாதி சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போனேன். வழியெல்லாம் அம்மனை நினைத்துக்கொண்டே போனேன்.

ஓட்டல் ஹாலில் வாசலிலேயே இரண்டு மேஜை. மேலே தெலுங்கில் போர்டு. எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. கௌரி எந்த வரிசையில் நின்றாளோ அதே வரிசையில் அவள் பின்னாலேயே போய் நின்றேன். அவள் காகிதத்தைப் பார்த்தார்கள், கழுத்தில் ஒரு அட்டை மாட்டி உள்ளே அனுப்பினார்கள். அடுத்தது நான். மேஜையில் இருந்தவர் என் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதி தமிழ்நாடு சர்டிபிகேட் அம்மா. இக்கட செல்லது."

செல்லாது. தெலுங்கிலும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான், அதனால் புரியவில்லை என்று நடிக்கக்கூட முடியவில்லை.

நான் பிறந்தது தமிழ்நாட்டில், பள்ளிப்பட்டுப் பக்கம். நம் நகரி இருப்பது ஆந்திராவில். நகரியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். அதே ஜாதி, அதே சாமி, அதே கூழ். ஊருக்கு வெளியே இருந்த அதே மாதிரிக் குடிசைதான் எங்கள் நைனாவுக்கும் கௌரியின் நைனாவுக்கும். நடுவில் ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான். அந்தச் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் பிறந்த பாவத்துக்கு இந்தப் பக்கத்தில் நான் எஸ்.சி. கிடையாதாம். தாலி கட்டி இருபது வருடம் இந்த மண்ணில் மாடாய் உழைத்திருக்கிறேன், அது கணக்கில் இல்லையாம். "பின்னால் உட்காருங்கள், பார்க்கலாம்" என்றார். கழுத்தில் அட்டை இல்லாமல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு முழுவதும் நான் கௌரியைத்தான் பார்த்தேன். மேடையில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. அவள் யாரிடம் சிரித்தாள், யாருக்கு விசிட்டிங் கார்டு கொடுத்தாள், எந்தக் கம்பெனி மேஜையில் எவ்வளவு நேரம் நின்றாள், எல்லாம் தெரியும். அவள் தைத்த குல்லாவை ஒருவர் விரலால் இழுத்துப் பார்த்தார். அந்த மடிப்புத் தையல் நான் சொல்லிக் கொடுத்தது! எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. மத்தியானம் அவள் தட்டோடு என்னிடம் வந்தாள்.

"இன்னாக்கா, துன்னியா இல்லியா? வா, தயிர் சாதம் நல்லாக்குது."

"பசி இல்ல" என்றேன். பசி காதை அடைத்தது.

இரண்டு வாரத்தில் சத்தியவேடு பக்கத்து ஒரு தொழிற்சாலையிலிருந்து அவளுக்கு மாதிரி ஆர்டர் வந்தது. சரக்கு ஏற்ற டெம்போ வந்து என் வாசலைத் தாண்டி அவள் வாசலில் நின்றது. நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். வாளியோடு அப்படியே நின்றேன்.

அன்றைக்கு எல்லையம்மனிடம் போனேன். நம் அம்மன் கோயில் உங்களுக்குத் தெரியும், ஊர்க்கோடியில் வேப்பமரத்தடியில் நாலு கம்பம் வைத்த தகரக் கொட்டகை. அவள் முன்னால் நின்று, "நீ எல்லையம்மன்தானே? அப்போ அந்த எல்லையைக் கொஞ்சம் அந்தாண்ட தள்ளிப் போடு. என் பொறந்த ஊரு உள்ள வந்துடட்டும்" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுதுகொண்டே கேட்டேன். ஒன்பது வெள்ளிக்கிழமை எலுமிச்சை விளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

நாலு வெள்ளி போனது. எதுவும் நடக்கவில்லை. டெம்போ மட்டும் இரண்டாவது தடவை வந்தது.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை நான் கேட்டதை இங்கே எழுதக் கை கூசுகிறது. "எனக்குக் குடுக்கலன்னா போ. அவளுக்கும் வேணாம். அந்த டெம்போ இனிமே எங்க சந்துக்குள்ள வரக்கூடாது." விளக்கு முன்னால் நின்று, கண்ணைத் திறந்துகொண்டே கேட்டேன். கூடப் பிறந்தவள் மாதிரி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு அப்படிக் கேட்டேன். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள், அந்தக் குழந்தைகள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறார்கள். அதெல்லாம் அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

அடுத்த வெள்ளி, ராகு காலம். கோயிலில் நான் ஒருத்திதான். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, தோலைத் திருப்பி, எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் எண்ணெய். போன் அடித்தது. படியில் வைத்து, முழங்கை நுனியால் எப்படியோ அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டேன்.

"மஞ்சுளாம்மாவா? நான் பேக்டரி பர்ச்சேஸ்லேர்ந்து பேசறேன் அம்மா. கௌரின்னு ஒருத்தங்க, முன்னாடி உங்க ஷெட்ல வேலை செஞ்சேன்னு பாரத்துல எழுதி உங்க நம்பர் குடுத்துருக்காங்க. ரெகுலர் ஆர்டர் குடுக்கலாம்னு இருக்கோம். அதுக்கு முன்னாடி விசாரிக்கணும் இல்லியா? வேலை எலா உண்டுந்தி அம்மா, எப்படி இருக்கும்? சொன்ன டைமுக்குக் குடுப்பாங்களா?"

ஐயோ, என் தாயே!

போன வாரம் நான் கேட்டது அப்படியே என் கையில் வந்து விழுந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். 'இழுத்தடிப்பா சார்' என்றால் போதும். 'எனக்குத் தெரியாது' என்று இழுத்துச் சொன்னாலே போதும், டெம்போ நின்றுவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, மறைக்க மாட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். அம்மன் எதிரே இருக்கிறாள். நல்ல மஞ்சள் பூசி, கண்மலர் வைத்து, நேராக என்னைப் பார்க்கிறாள். போன் அவள் காலடியில் ஸ்பீக்கரில் இருக்கிறது. நான் என்ன சொன்னாலும் அவள் கேட்பாள்.

"ஹலோ? அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்" என்றேன். "தையல் சுத்தம் சார். சொன்ன நாளுக்கு முந்தின நாளே குடுத்துடுவா. ரெண்டு வருஷம் என்கிட்ட தெச்சா, ஒரு பீஸ்கூட திரும்பி வந்ததில்ல."

சொல்லி முடித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டேன். போச்சு, நானே என் கையால் எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று அழுகை முட்டியது. பெரிய மனசால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயத்தில் சொன்னேன்.

"மீரு ஆமெக்கு ஏமவுதாரு? என்ன உறவு?"

"ஓரகத்தி சார். அவ என் கொழுந்தன் சம்சாரம்."

"தோடிகோடலா!" என்று அவர் உரக்கச் சிரித்தார். "ஓரகத்தியே நல்லது சொன்னா இனி விசாரிக்கறதுக்கு ஏமுந்தி, என்ன இருக்குது அம்மா? சரி, உங்களுக்கும் யூனிட் இருக்குதே, எங்க லிஸ்ட்ல உங்க பேரே காணோமே?"

எல்லாவற்றையும் கொட்டினேன். பள்ளிப்பட்டு, செக்போஸ்ட், செல்லாத காகிதம், எல்லாம்.

அவர் முழுவதும் கேட்டார். அப்புறம், "யூனிட் உங்க பேர்லதானே இருக்குது? பொம்பளைங்க நடத்தற யூனிட்டுக்குத் தனி லிஸ்ட் இருக்கே அம்மா. அதுக்கு ஜாதி சர்டிபிகேட் எதுக்கு? நீங்க எந்த ஸ்டேட்ல பொறந்தாலும் பொம்பளைதானே? திருப்பதில பக்கத்து மேஜையே அதுதானே, பாக்கலையா?" என்றார்.

பக்கத்து மேஜை. நான் பார்க்கவே இல்லை. அவள் எந்த வரிசையில் நின்றாளோ அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கிடைத்ததே எனக்கும் வேண்டும், அதுவும் அதே மேஜையில் வேண்டும் என்று நின்றவளுக்கு இரண்டு அடி தள்ளி இருந்த மேஜை எப்படித் தெரியும்? போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கௌரியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் படித்துச் சொல்லியிருப்பாள். அவளிடம் கேட்பதா என்று வீம்பு. எல்லையை அம்மன் தள்ளிப் போடவில்லை ஐயா. எல்லைக்குள்ளேயே எனக்கு ஒரு வாசல் இருந்தது, என் வயிற்றெரிச்சல்தான் அதன்மேல் புடவையைப் போர்த்தி வைத்திருந்தது.

மறுவாரம் சித்தூர் தொழில் ஆபீசுக்குப் போய் அந்த லிஸ்டில் பெயர் பதிந்தேன். தனியாகப் போகவில்லை. கௌரியைக் கூட்டிக்கொண்டு போனேன், போர்டு படிக்க. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் சொல்லிவிட்டேன். ஐந்தாவது வெள்ளிக்கிழமை என்ன கேட்டேன், போனில் என்ன சொல்ல இருந்தேன், ஒன்றையும் விடவில்லை. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

 அவள் என் முழங்கையை இடித்தாள்.

"அக்கா, நானும் ஒன்னு சொல்றேன், திட்டாத. உன் ஷெட்ல நான் இருக்கசொல்ல நீ அந்த ஜப்பான் மிஷின் வாங்கினியே, ஞாபகங்கீதா? அது ஓடக்கூடாது, ஊசி உடையணும்னு நானும் அம்மாகிட்ட வேண்டிக்கினேன்."

"அடிப்பாவி! மொத வாரத்துல மூணு ஊசி உடைஞ்சிது!"

"அதான் பயந்துக்கினு அப்புறம் வேண்டிக்கவே இல்ல" என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்துச் சிரித்து நான் அழுதுவிட்டேன்.

ஆனி கடைசியில் எனக்கு ஆர்டர் வந்தது. ஆடி பிறக்க நாலு நாள் இருந்தது. ஏப்ரன் எனக்கு, குல்லா அவளுக்கு. புடவைகளை உருவிப் போட்டு மிஷின்களுக்கு எண்ணெய் விட்டேன். ஐந்து பெண்களில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். ஒருத்தி வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாள், அவள் நன்றாக இருக்கட்டும். மிச்சம் இருந்த மூன்று வெள்ளிக்கும் விளக்குப் போட்டு முடித்தேன். கடைசி வெள்ளிக்கு என் வீட்டுக்காரரே எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார்.

என் ஜனங்களே, சின்னதாகத் தொழில் வைத்திருக்கிற பெண்கள் நம் காலனியிலேயே எத்தனை பேர் இருக்கிறீர்கள்! அடுத்த வெண்டர் மீட்டுக்கு நானும் கௌரியும் போகும்போது எங்களோடு வாருங்கள். இரண்டு மேஜையையும் நான் காட்டுகிறேன். அதற்கு முன்னால் அம்மனிடம் வாருங்கள். நல்ல மனசோடுதான் வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்படிக் காத்திருந்தால் நான் இன்னும் வந்திருக்க மாட்டேன். இருக்கிற மனசோடு வாருங்கள். எரிச்சல் இருந்தால் எரிச்சலோடு வாருங்கள். அவள் பார்த்துக்கொள்வாள்.

நான் மாறிவிட்டேனா என்று கேட்டால் முழுசாக இல்லை. டெம்போ இப்போதும் முதலில் அவள் வாசலில்தான் நிற்கிறது, சந்துக் கோடியில் திரும்பித்தான் என் வாசலுக்கு வர முடியும். அந்த பிரேக் சத்தம் கேட்டதும் எனக்கு இன்னும் சுருக்கென்கிறது. ஒவ்வொரு தடவையும் அடுத்து வருகிற வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அதை வாய்விட்டே சொல்லிவிடுகிறேன். கௌரி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் முடித்ததும், "தள்ளு அக்கா, இப்போ என் முறை" என்கிறாள்.