தொப்பிக்குள் ஒரு விபூதிப் புதன்

எங்கள் வீட்டில் வருடம் மூன்று தடவை பிறக்கும். ஜனவரியில் பிறப்பது மொன்றியல் முழுவதற்கும் பொது. சித்திரையில் பிறப்பது அம்மாவுடையது. பூசையும் பாற்பொங்கலுமாக முடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், தெருவோரம் பனி முழங்காலளவு கிடக்கும் காலத்தில் பிறப்பது அப்பாவுடையது. அம்மா மன்னாரிலிருந்து அகதியாக வந்த கத்தோலிக்கப் பெண். அப்பா ஹொங்கொங்கில் பிறந்த சீனர். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில், ஒரே மேசையில் எதிரெதிரே நின்று தட்டு நிரப்பியபோது இருவருக்கும் பழக்கமானதாம். அதன் விளைவு நான்.

சீனப் புதுவருடம் நெருங்கினாலே எனக்குப் பயம் பிடித்துவிடும். கர்க்லாண்டில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டில், சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன் சிறியவர்கள் மேசையிலுள்ள ஒவ்வொரு பெரியவரையும் முறை சொல்லி அழைத்து, சாப்பிடுங்கள் என்று சொல்ல வேண்டும். சீனத்திலும் நம்மைப் போலவே அப்பாவின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அவரவர் மனைவிக்கு வேறொரு சொல். பெரியப்பாவின் மகனும் மகளும் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பார்கள். என் முறை வந்ததும் மேசை முழுவதும் எனக்காகக் காத்திருக்கும். நான் பிழையாகச் சொன்னால் யாரும் ஏசியதில்லை. சிரித்துவிட்டு அன்பாகத் திருத்துவார்கள். அந்த அன்புதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. விருந்தாளிகளைத்தானே அப்படி நடத்துவார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இதில் அப்பாவுக்கும் பங்குண்டு. அம்மா என்னை விடாமல் பிடித்து வைத்துத் தமிழ் ஊட்டினார். அப்பா வேலை முடிந்து கோட்-டெ-நெய்ஜிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது, எந்த மொழியிலும் பேசத் தெம்பில்லாமல்தான் வருவார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த வருடம், சீனப் புதுவருடமும் விபூதிப் புதனும் ஒரே நாளில் வந்து விழுந்தன. விபூதிப் புதன் தவக்காலத்தின் முதல் நாள். சுவாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை போடுவார். அம்மாவுக்கு அன்று ஒருசந்தி. ஒருநேரச் சாப்பாடுதான், அதிலும் இறைச்சியைத் தொடமாட்டார், மீனையும் தொடமாட்டார். முந்தின நாள் குடும்ப விருந்துக்கு அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்படியென்றால் புதுவருடத்தன்றே பின்னேரம் வாருங்கள் என்று பெரியம்மா தொலைபேசியில் சொல்லிவிட்டார். அம்மாவால் மறுக்க முடியவில்லை. ஏனென்றால் அடுத்த கிழமை பெரியப்பாவுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை.

பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போனார். சாம்பல் பூசிக்கொண்டு வெளியே வந்தால் அப்பா காரோடு காத்திருந்தார். காருக்குள் ஏறிக் கண்ணாடியில் பார்த்தேன். அம்மாவின் கறுத்த நெற்றியில் சாம்பல் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அப்பாவின் நிறத்தோடு பிறந்த என் நெற்றியிலோ யாரோ அடுப்புக்கரியால் கீறிவிட்டது போலிருந்தது.

"அம்மா, அழிக்கட்டோ?"

"அழிச்சுப் பார், தெரியும். அதென்ன விளையாட்டுச் சாமானோ?"

அழிக்கவில்லை. கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். வழி நெடுக அப்பா தமது ஆங்கிலத்தில் எனக்குப் பாடம் எடுத்தார். புதுவருடத்தன்று கத்தரிக்கோலைத் தொடக்கூடாது, வீடு கூட்டக்கூடாது, தலை முழுகக்கூடாது, கெட்ட சொல் வாயில் வரவே கூடாது. பெரியப்பா இதையெல்லாம் மிகவும் நம்புகிறவர். சாதாரண வருடத்திலேயே அப்படி என்றால், சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் வருடத்தில் கேட்கவா வேண்டும்.

பெரியப்பா வீட்டுக்குள் நல்ல சூடு. எல்லோரும் கோட்டையும் சப்பாத்தையும் கழற்றினார்கள். நான் தொப்பியை மட்டும் கழற்றவில்லை. குளிருகிறது என்று அக்காவிடம், அதாவது பெரியப்பாவின் மகளிடம், சொன்னேன். வியர்த்து ஒழுகிக்கொண்டே சொன்னேன். அம்மாவின் நெற்றியில் எப்போதும் ஒரு பொட்டு இருப்பதைக் கண்டு பழகிய வீடு, அன்றைக்கும் அதைப் பொட்டென்றே எடுத்துக்கொண்டது.

பெரியப்பா மெலிந்து, முகம் வற்றிப்போய் வந்து உட்கார்ந்தார். என்னைக் கிட்டக் கூப்பிட்டார். சொந்த வீட்டுக்குள் யாராவது தொப்பி போடுவார்களா என்று கேட்டு, தாமே அதைப் பிடித்து இழுத்தார்.

எல்லோருடைய கண்ணும் என் நெற்றிக்குத் திரும்பியது. தொலைக்காட்சியில் யாரோ மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சாம்பல் அந்த வீட்டில் இறந்தவர்களின் படங்களுக்கு முன்னால் இருக்க வேண்டிய பொருள். அது என் நெற்றியில் ஏன் இருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று பெரியப்பா மெல்லக் கேட்டார்.

மறைக்கல்வி வகுப்பில் எனக்கு நல்ல பெயர். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழகியவள்.

"நாங்கள் எல்லோரும் சாகப்போகிறோம் என்பதை மறக்காமல் இருப்பதற்கு" என்றேன், அவருக்கு நன்றாக விளங்கும் ஆங்கிலத்தில்.

அப்பா கண்களை மூடிக்கொண்டார். "ஐயோ, என்ர மாதாவே" என்று அம்மா முணுமுணுத்தார். பெரியப்பா தொப்பியைக் கையில் வைத்தபடியே இருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. பெரியவர்களும் பயப்படுவார்கள் என்று நான் கண்டது அன்றுதான். இனி இந்த வீட்டு வாசலை நாங்கள் மிதிக்க முடியாது, அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்தேன். வருவதற்கு விருப்பமில்லாமல் இருந்தவள், துரத்திவிடுவார்கள் என்றதும் அழப் பார்த்தேன்.

"சொய்!" என்று கெட்ட சொல்லை விரட்டும் ஒரு சத்தம் சமையலறைப் பக்கமிருந்து வந்தது. பெரியம்மா கையில் அகப்பையோடு வந்து என் நாடியைப் பிடித்து ஒரு பக்கம் திருப்பினார். துப்பு, துப்பிவிட்டு மறுபடி நல்லதாகச் சொல்லு என்றார். நல்ல நாளில் கெட்ட சொல் வந்துவிட்டால் அவர்களிடம் அதற்கு அதுதான் பரிகாரம். கண்ணூறுக்குத் துப்ப வைக்கும் மன்னார்க்காரிக்கு இதை யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. "துப்பு பிள்ளை, துப்பு. மூண்டு தரம் துப்பு" என்று அம்மாவும் ஓடிவந்து சேர்ந்துகொண்டார். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, நான் எச்சிலே இல்லாத வாயால் துப்பினேன்.

இனி நல்லதாகச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் அதே பாடத்தின் மிச்சம்தான் வாயில் வந்தது.

"ஆனால் மூன்றாம் நாள் எழும்பிவிடலாம்."

பெரியப்பா என்னையே பார்த்தார். "மூன்றே நாளா? டொக்டர் ஒரு கிழமை என்றல்லவா சொன்னார். உங்கள் கடவுள் அவரைவிடக் கெட்டிக்காரராக இருக்கிறார்" என்றார். சொல்லிவிட்டு, நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் துணிவு வந்தது. அப்பா என்னைக் குளியலறைக்கு அனுப்பி முகம் கழுவச் சொன்னார். பெரியம்மா விடவில்லை. இன்றைக்குத் தலையிலிருந்து எதையும் கழுவக்கூடாது, வந்த அதிர்ஷ்டம் போய்விடும் என்று சொல்லி என்னை மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்த வீட்டு வாத்துப் பொரியலுக்காக நான் எத்தனை அவமானத்தையும் தாங்குவேன். மேசைக்கு வந்ததோ ஒரு பெரிய மண்சட்டி. காளான், முட்டைக்கோவா, சோயாத் தோல், கண்ணாடி நூடில்ஸ், பார்வைக்குத் தலைமயிர் போலிருந்த ஏதோ ஒரு கறுப்புப் பாசி. மருந்துக்கும் இறைச்சி இல்லை, மீனும் இல்லை. பெரியப்பாவின் மகன் முகத்தைச் சுளித்து ஏதோ கேட்டார். பெரியம்மா ஒரே சொல்லில் அவர் வாயை அடைத்தார். வருடத்தின் முதல் நாள் மரக்கறி சாப்பிடுவது எங்கள் வழக்கம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. அன்றைய ஒரே சாப்பாட்டை இரண்டு கோப்பை வாங்கிச் சாப்பிட்டார். எனக்கோ அழுகை வந்தது. வீட்டில்தான் ஒருசந்தி என்றால், தப்பி வந்த இடத்திலும் இப்படி ஒரு வழக்கமா என்று பாசியைக் குச்சியால் கிண்டிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். மூன்று நாள் கணக்கு சுத்தப் பொய் என்று, ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது என்னிடம் முறைப்பட்டார். அடுத்த வருடத்திலிருந்து அப்பா முன்கூட்டியே லீவு எடுத்துவிடுவார். முந்தின நாள் விருந்துக்கே போய்வந்ததால், முதல் நாளில் அந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பதைப் பார்க்க எனக்குச் சந்தர்ப்பம் வரவில்லை.

பல்கலைக்கழகம் போகிற வயதில் ஒரு புதுவருடத்தன்று தனியாகப் போனேன். மேசையில் வாத்து, கோழி, முழு மீன். இன்று மரக்கறி இல்லையா என்று கேட்டேன். பெரியப்பாவின் மகன் சிரித்தார். எங்கள் வீட்டில் எந்தக் காலத்தில் முதல் நாள் மரக்கறி சமைத்தோம், அந்த ஒரு வருடம் மட்டும்தான் என்றார். கடையில் சொல்லிவைத்திருந்த வாத்தைப் பெரியம்மா வேண்டாம் என்றுவிட்டாராம், தனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்றார்.

மிச்சத்தையும் அவரே சொன்னார். பெரியம்மா அப்போதெல்லாம் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தார். கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண்கள் வருடா வருடம் நெற்றியில் சாம்பலோடு வருவார்கள். அன்று இறைச்சி தொடமாட்டார்கள். அந்த வருடம் அது எந்த நாளில் வருகிறதென்று அவர்களிடம் கேட்டு வைத்திருக்கிறார். அம்மாவிடம் இது எங்கள் வழக்கம் என்றார். பெரியப்பாவிடம் இது உங்கள் இதயத்துக்கு நல்லது என்றாராம். நான் கண் கலங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆறிப்போகுமுன் சாப்பிடு என்று பெரியம்மா என் கோப்பையில் வாத்துக் காலை வைத்தார்.

அவர்களுடைய பண்டிகையில் நாங்கள் விருந்தாளிகள் என்று எண்ணித்தான் அந்தச் சட்டியின் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று அந்த மேசையிலிருந்த அத்தனை பேரும், பெரியம்மா தெரிந்தும் மற்றவர்கள் தங்களுக்கே தெரியாமலும், அம்மாவோடு ஒருசந்தி இருந்தார்கள்.