பந்தியிடம் தோற்ற பிராக்டிகல்

கல்லூரியில் இசை படிக்கும் பிள்ளைகளுக்கு டிஜே தொழில் கற்றுக்கொடுக்கிறேன். இன்று மதியம் சின்னாளப்பட்டி கல்யாண மண்டபத்தில் பிராக்டிகல் பரீட்சை. ஆடுகிற கூட்டம் கலையாமல் பார்த்துக்கொண்டால் பாஸ்.

மாணவி ஜெனிபர் பிரமாதமாகப் பாட்டுப் போட்டாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியதே தெரியவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டைச் சுழற்றிச் சுழற்றி ஆடினார்.

அப்போது சமையல்காரர் கதவோரம் எட்டிப் பார்த்தார். கையில் மைக் கூட இல்லை.

"இலை போட்டாச்சு, வாங்கப்பு!"

தாய்மாமன்தான் முதலில் ஓடினார். பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"சார், நான் பெயிலா?"

"செத்த இரும்மா, சாப்பிட்டு வந்து சொல்றேன்" என்று நானும் கிளம்பிவிட்டேன்.

மார்க் இன்னும் போடவில்லை. முதல் பந்தியை ஜெயித்த டிஜே யாராவது இருந்தால் கமெண்டில் வாருங்கள், உங்களைத் தேர்வாளராகப் போட்டுவிடலாம்.