இரும்புப் பெட்டியோடு வந்த தாய்மாமன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேர் அவருடைய சிவப்புக் காரை ஒரு முறையாவது தள்ளியிருப்பீர்கள். மீதிப் பேர் தள்ளச் சொல்லிவிடுவாரோ என்று அந்தப் பக்கமே வராமல் தப்பித்திருப்பீர்கள். ஆனால் தள்ளியதெல்லாம் வீட்டு வாசலில்தான். ஊருக்குப் புறப்பட்ட பிறகு அந்தக் கார் நடுவழியில் நின்று அவர் பஸ்ஸில் திரும்பி வந்ததாக ஒரு நாளும் இல்லை. அவர் இருந்திருந்தால் இதைத்தான் முதலில் எழுதச் சொல்லியிருப்பார். தங்கை நான் எழுதிவிட்டேன்.

அண்ணன் பிறந்தது அம்பத்தூர் ஏரிக்குப் பக்கத்தில். எங்கள் பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த நிலங்கள் தொழிற்பேட்டையானபோது அப்பாவுக்கு வேலை போயிற்று, அண்ணனுக்கு வேலை வந்தது. அந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தார். நான் பள்ளியை முடிப்பதற்குள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காலமானார்கள். என்னைப் படிக்க வைத்தவரும் ஆவடியில் நல்ல இடம் பார்த்துக் கட்டிக்கொடுத்தவரும் அண்ணன்தான். எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

என் திருமணக் கடனெல்லாம் தீர்ந்த பிறகுதான் தனக்கென்று ஒன்றை வாங்கினார். ஆவடியில் இருந்த விமானப்படை அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, ஓடாமல் கிடந்த ஸ்போர்ட்ஸ் காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். வெளிநாட்டு வண்டி. கூரை துணி, இருக்கை இரண்டே இரண்டு, உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதன் அடியில்தான் கழிந்தன. அண்ணி சாப்பாட்டுத் தட்டைக் காருக்கு அடியில் தள்ளிவிட்டு வருவார்.

அந்தக் கார் ஓடத் தொடங்கியதும் அண்ணனுக்கு ஒரு சட்டம் வந்தது. வழியில் கிடைப்பதை எடுத்துப் போகக் கூடாது, கிடைக்காததை விட்டுப் போகக் கூடாது. துண்டு, சோப்பு, தின்பண்டம் எல்லா ஊரிலும் கிடைக்கும். அந்தக் காருக்கான ஃபேன் பெல்ட்டும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸும், எஞ்சினுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியும் எந்த ஊரிலும் கிடைக்காது. ஆகவே டிக்கியில் அவைதான் முதலில் ஏறும். பிறகு ஸ்பேனர்கள், பஞ்சரானால் போட ஒரு டியூப், மண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்க அடியில் வைக்க ஒரு பலகை, கட்டி இழுக்கக் கயிறு, எதையும் சுற்றி இறுக்கப் பழைய சைக்கிள் டியூப். பெட்ரோல் டேங்க் ஒழுகினால் அடைக்க மட்டும் ஒரு பார் சோப்பு வரும். அதைக் குளிக்கக் கேட்டால் தர மாட்டார்.

"ஸ்பேரு நம்ம வண்டிக்கி. டூல்ஸு ரோட்ல கீற எல்லாருக்கும்" என்பார். வழியில் எந்த வண்டி நின்றிருந்தாலும் அவர் காரும் நின்றுவிடும். அண்ணி பாவம், பாதிப் பயணத்தைப் புளியமர நிழலில் உட்கார்ந்தே செய்தார்.

என் மகளுக்குக் காது குத்தியது எண்பதுகளின் நடுவில். கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயில் கிருஷ்ணகிரி பக்கம். நாங்கள் வாடகை வேனிலும், அண்ணனும் அண்ணியும் காரிலும் போவதாக ஏற்பாடு. "வேனில் வாண்ணே, சீர்த்தட்டு வைக்கவாவது இடம் இருக்கும்" என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை. விடியற்காலையில் ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றவரின் டிக்கியை என் மாமியார் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, தாய்மாமன் சீரு எங்க? இரும்புக் கடையில்ல தெரியுது."

"எல்லாம் கீது அத்தே. ஏறுங்க, டைம் ஆவுது."

டிக்கியைச் சாத்திவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார் அந்த மனிதர். வேனில் மாமியார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "என் தம்பி அங்க தட்டு தட்டா வாங்கி வெச்சிருக்கான். வெறுங்கையோட வர்றவன் மடி எதுக்கு? என் தம்பி மடியிலயே ஒக்கார வெச்சிக் குத்திடலாம்." தாய்மாமன் மடியில் என் பிள்ளை உட்காராவிட்டால் எனக்குப் பிறந்த வீடு இல்லை என்று அன்றைக்கே ஊர் முடிவு செய்துவிடும்.

ஆம்பூர் தாண்டியதும் வேனின் முன்பக்கம் புகைந்தது. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து வெந்நீர் ரோட்டில் ஓடியது.

"ஹோஸு வாயப் பொளந்துகிச்சி அண்ணாத்தே. ஆம்பூருக்குத் திரும்பிப் போய்த்தான் வாங்கியாரணும்" என்றார் டிரைவர், பின்னால் வந்து நின்ற அண்ணனிடம். போய் வந்தால் நல்ல நேரம் முடிந்துவிடும். மாமியார் என்னைப் பார்த்தார், நான் அண்ணனைப் பார்த்தேன்.

அவர் டிக்கியைத் திறந்து தன்னுடைய ஸ்பேர் ஹோஸை எடுத்தார். இரண்டு முனையிலும் துணி அடைத்திருந்தது. நேராக மாமியாரிடம் வந்தார்.

"அத்தே, முந்தானைய நீட்டுங்க."

எதற்கு என்று கேட்கக்கூட மறந்து அவர் நீட்டினார். அண்ணன் துணியைப் பிடுங்கி ஹோஸைக் கவிழ்த்தார். பஞ்சோடு பஞ்சாக என் மகளுக்கு வாங்கிய கண்ணாடி வளையல்கள் கலகலவென்று கொட்டின, ஒன்றுகூட உடையாமல். ஸ்பார்க் பிளக் டப்பாவில் தங்கத் தோடு இருந்தது. ஸ்டெப்னிச் சக்கரத்தின் குழியில் அரிசியும் வெல்லமும் இருந்தன.

"பழமும் பூவும் அங்கியே கெடைக்கும். அதுக்கு இன்னாத்துக்கு எடம்?" என்றார்.

ஸ்பேனர்களுக்கு நடுவே ஒரு பட்டுச் சேலை மூட்டை கிடந்தது. மாமியார் அதைக் காட்டி, "அது என்னாப்பா?" என்றார்.

"ஒங்களுக்கு எடுத்த பொடவ. உள்ள கீற டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஒடஞ்சா என் வண்டி நவுராது. அதான் இருக்கறதுலயே நல்ல துணியாப் பாத்து சுத்தினேன்."

பிரித்துப் பார்த்தால் முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்குக் கிரீஸ் கறை. நான் செத்தேன் என்று நினைத்தேன். மாமியார் கறையை ஒரு முறை தடவிப் பார்த்தார். சேலையை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குள் அண்ணன் வேனுக்கு அடியில் போய்விட்டார். ஹோஸை அளவுக்கு வெட்டி, தொளதொளத்த இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றி, கிளிப்பை இறுக்கி, தண்ணீர் ஊற்றி முடித்தார். அந்த வேன் அன்று ஊர் திரும்பும் வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கோயிலில் மாமியாரின் தம்பி பலகையில் தயாராக உட்கார்ந்திருந்தார். மாமியார் போனதும் சொன்னது ஒன்றுதான். "எந்திரிடா. தாய்மாமன் வந்தாச்சி."

பார் சோப்பு அன்று முதன்முறையாகக் கை கழுவப் பயன்பட்டது. நகக்கண்ணில் கறுப்பு போகாத கைகளால் என் மகளைப் பிடித்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்தார். ஆசாரி குத்தியபோது குழந்தையைவிட அவர்தான் முகத்தைச் சுளித்தார். சேலையைச் சலவைக்குப் போட்டுத் தருகிறேன் என்று அண்ணி பலமுறை கேட்டும், "இருக்கட்டும்" என்று மாமியார் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். உடுத்தி நாங்கள் பார்த்ததில்லை.

அதன் பிறகு அண்ணனும் அண்ணியும் அந்தக் காரில் கன்னியாகுமரி வரை போனார்கள், கோவா வரை போனார்கள். சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அதே சட்டம்தான். பழமும் ஹார்லிக்ஸும் வேண்டாம் என்று விட்டுவிட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வார்டில் ஆடிய கட்டில்களை எல்லாம் இறுக்கிவிட்டுத்தான் ஓய்ந்தார். கடைசி வாரம்கூட, காரில் தண்ணீர் பார்த்தாயா என்று அண்ணியைக் கேட்டிருக்கிறார். அந்த டிக்கி இன்றும் அவர் அடுக்கியபடியே இருக்கிறது. என் மகள் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அண்ணனுக்கு இரத்தம் கொடுத்த எஸ்டேட் நண்பர்களுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் பாக்கி. சாவு வீட்டுக்கு யாரும் பட்டு உடுத்தி வர மாட்டார்கள். நடக்க முடியாத என் மாமியார், என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பட்டுச் சேலையில் வந்து இறங்கினார். கறை வெளியே தெரியும்படி முந்தானையை முன்னால் இழுத்து விட்டிருந்தார். கூடியிருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "அவன் எனக்கு எடுத்த பொடவ. அவன் பாக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டு அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்தார். உடலை எடுக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

என் மாமியார் அவர்களுக்கு, என் பிறந்த வீட்டின் நன்றி.