கோமதியின் லேப்டாப்பில் வராத வைஃபை

அந்த வைஃபை சிப்பைச் செய்தவரே, இது உங்கள் குற்றம்தான். நீங்கள் எந்த ஊரில், எந்த ஏசி அறையில் இருக்கிறீர்களோ தெரியாது. லினக்ஸுக்கு ஒழுங்கான டிரைவர், அதாவது அதை ஓட வைக்கும் மென்பொருள், எழுதிக் கொடுக்காமல் சிப்பை மட்டும் விற்றுவிட்டுப் போய்விட்டீர்கள். ஏச்சு வாங்குவது செஞ்சியில் உட்கார்ந்திருக்கும் நான்.

பழைய லேப்டாப்புகளில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டு, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு விற்பது என் தொழில். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகபாவிகளுக்குத் தெரியும்: லினக்ஸ் போட அரை மணி நேரம், நெட் வர வைக்க அரை ஆயுள்.

நெட் வாங்க நெட் வேண்டும்

திங்கட்கிழமை அவலூர்பேட்டையிலிருந்து கோமதி என்ற பெண் வந்தார். வீட்டிலிருந்தே பார்க்கும் டைப்பிங் வேலைக்கு வெள்ளிக்கிழமை ஆன்லைனில் பேட்டி. கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு வாய்க்கும் முதல் வேலை. அதற்காகவே கேபிள்காரரிடம் வைஃபை வாங்கியிருந்தார்கள். வீட்டிலிருக்கும் ஒரே போன் கணவரோடு லோடு வண்டியில் போய்விடும். சென்னையில் நான் மொத்தமாகப் பேரம் பேசி அள்ளி வந்த பத்து லேப்டாப்பில் ஒன்றைக் கொடுத்தேன். விற்றவன் சட்டென்று விலை இறங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

லினக்ஸ் ஏறியது. வைஃபையைக் காணோம். ஒல்லி மாடல், லேன் ஒயர் சொருக ஓட்டையும் இல்லை. டிரைவரை நெட்டிலிருந்து இறக்கிக்கொள் என்றது திரை. நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் வர நெட் வேண்டும் என்று விளக்க விளக்க எனக்கே தலை சுற்றியது. கோமதி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வீட்டப் பூட்டி சாவிய உள்ளயே வெச்சிட்டாங்க, அதானேண்ணா?"

செத்துப்போன கீபோர்டு

என் போனைக் கேபிளில் மாட்டி, அதன் வழியாக நெட் கொடுத்து டிரைவரை இறக்கினேன். வைஃபை வந்தது. மறுபடி போனால் இந்த வரியை அடிக்கவும், பாஸ்வேர்டு கேட்கும், கொடுக்கவும் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாளே ஒரு அப்டேட் ஓடியது, வைஃபை போனது. புதன்கிழமை முதல் பஸ்ஸில் லேப்டாப்போடு வந்து, கீபோர்டு செத்துவிட்டது என்றார் கோமதி. பாஸ்வேர்டு அடித்தால் எழுத்தே விழவில்லையாம். விழவில்லையே என்று அதையே ஐந்து முறை அடித்திருக்கிறார். அந்த வரியை அடிக்கும் கருப்புத் திரையில் பாஸ்வேர்டு கண்ணுக்குத் தெரியாது, ஒரே தடவை அடித்து என்டர் தட்ட வேண்டும் என்று சத்தம் போட்டேன். சத்தம் போட எனக்கு யோக்கியதை இல்லை. முதல் வருஷம் இதே காரணத்துக்காக நல்ல கீபோர்டைக் கழற்றி மாற்றியவன் நான். கோமதி இன்னும் குழம்பினார்: "அடிக்கிறது தெரியலன்னா, அடிச்சனா இல்லியான்னு எனக்கே சந்தேகம் வருதுண்ணா."

ஆளுக்கொரு மருந்து

டிரைவர் மறுபடி ஏறியது. இந்த முறை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நெட் அறுந்தது. லினக்ஸ்காரர்கள் கூடும் இணையக் குழுவில் கோபமாக எழுதினேன். பழைய வெர்ஷனுக்குப் போ என்றார் ஒருவர், புதுசுக்குப் போ என்றார் இன்னொருவர். வெளியிலிருந்து சொருகும் வைஃபை ஸ்டிக் ஒன்றை வாங்கு என்றார் மூன்றாமவர். விழுப்புரம் போய் அரை நாள் பேரம் பேசி வாங்கி வந்தேன். உள்ளே இருந்தது அதே சிப். கடையில் மீதியிருந்த ஒன்பது லேப்டாப்பிலும் அதே சிப். இதையும் எழுதினேன். கடைசியாக ஒரு பதில் வந்தது: "விசித்திரமாக இருக்கிறதே, என்னுடையதில் நன்றாக ஓடுகிறது."

வெள்ளிக்கிழமை பதினோரு மணி

பேட்டியை என் கடையிலேயே வைத்துக்கொண்டோம். நெட் என் போனிலிருந்து, கேபிளில். போன் அசைந்தால் நெட் போகும் என்பதால் அதை டேப் போட்டு மேசையோடு ஒட்டினேன். ஷட்டரைப் பாதி இறக்கி, வந்தவர்களைச் சைகையாலேயே விரட்டினேன். நான் வாயைத் திறக்காமல் கழித்த அரை மணி நேரம் அது ஒன்றுதான்.

கோமதி டைப்பிங் தேர்வை நன்றாகவே அடித்தார். கடைசியில் பேட்டி எடுத்த அதிகாரி, வீட்டில் விட்டுப்போகாத நெட் உண்டா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லும்படி நான் திரைக்குப் பின்னாலிருந்து தலையாட்டினேன். கோமதியோ, வீட்டில் வைஃபை இருக்கிறது, லேப்டாப்பின் கண்ணில்தான் அது படவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வீட்டிலிருந்தே இணைந்து காட்டினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு என்றார் அதிகாரி. பையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டே கோமதி கேட்டார்: "இங்க நீங்க தலையாட்டினீங்க, திங்கக்கிழமை எங்க வீட்ல யாருண்ணா வந்து ஆட்டுவாங்க?"

இன்று சனிக்கிழமை, எவனிடமும் பேரத்தைப் படிய வைத்துவிடுகிற எனக்கு உங்கள் சிப் மட்டும் படியவில்லை, ஆகவே ஐயா, ஞாயிறு லீவு என்று சொல்லாமல் உட்கார்ந்து அந்த டிரைவரை ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.