டார்ஷன் பாரும் டேனியலும்

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்று ஒருவர் வந்தால், அவர் ஏற்கெனவே இன்னொரு மெக்கானிக்கைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார் என்பது எங்கள் தொழிலில் எழுதப்படாத விதி. என் விஷயத்தில் அந்த இன்னொரு மெக்கானிக் எப்போதும் டேனியல்தான்.

என் பெயர் குணசேகரன். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஷெட். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு முன்பக்க சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறேன். இந்த வண்டிகளில் முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக, டார்ஷன் பார் என்று நீளமான இரும்புக் கம்பி அடியில் ஓடும். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது அது முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்கும். பின்முனையில் இருக்கும் போல்ட்டை இறுக்கினால் அந்தப் பக்கம் வண்டி உயரும். நானும் டேனியலும் தாம்பரத்தில் ஒரே பட்டறையில் பத்து வருஷம் வேலை பார்த்தவர்கள். பிறகு அவன் பொழிச்சலூரில் தனியாக ஷெட் போட்டான். கூட வேலை பார்த்தவன் நம்மைவிட நல்ல பேர் வாங்குவதைப் பார்த்துக்கொண்டே கடை திறக்கிறவர்களுக்கு, கீழே இருப்பது எதுவும் புதிதாக இருக்காது.

முன்பக்கம்

மேரி டீச்சர் ரிட்டயர் ஆனவர். கணவர் ஓட்டிய வண்டியை அவர் போன பிறகும் விற்காமல், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தானே ஓட்டிப் போவார். டிரைவர் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று கொண்டுவந்தார். குனிந்தேன், வலது பக்கத்து போல்ட்டை இறுக்கினேன், நேரானது. பத்து நாளில் மறுபடி தாழ்ந்தது. மறுபடி இறுக்கினேன். மூன்றாவது தடவை அவர் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து கேம்ப் ரோடு சிக்னலில் அந்த வண்டியைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. விசாரித்தால், பின்பக்கம் வலதுபுறத்துப் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்திருந்ததாம். அதனால்தான் அந்தப் பக்கம் முழுக்க இறங்கியிருக்கிறது. கண்டுபிடித்தது யார் என்று நான் கேட்கவில்லை. டீச்சரே சொன்னார்: "டேனியல் முதல்ல வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தார் குணா. நீங்க வந்த உடனே முன்னால உக்காந்துட்டீங்க."

உயரம்

பொத்தேரியில் தங்கிப் படிக்கிற ஒரு கல்லூரி மாணவன், அப்பாவின் பழைய வண்டியோடு வந்தான். முன்பக்கத்தை நன்றாகத் தூக்க வேண்டுமாம், போட்டோவில் கம்பீரமாக இருக்குமாம். அளவுக்கு மேல் இறுக்கினால் வண்டி கட்டை மாதிரி ஆகிவிடும், ஆக்சில் முனையில் இருக்கும் ரப்பர் பூட் கிழியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் முடியாது என்றால் இவன் நேராகப் பொழிச்சலூர் போவான். அந்த நினைப்பு வந்ததும் கை தானாக ஸ்பேனரை எடுத்துவிட்டது.

மூன்றே வாரத்தில் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் சக்கரமெல்லாம் தெறித்துத் திரும்பி வந்தான். ஸ்பீட் பிரேக்கரில் ஏறினால் தலை கூரையில் இடிக்கிறது என்றான். பழைய உயரத்துக்கே இறக்கி, பூட்டையும் மாற்றிக் கொடுத்தேன். போகும்போது ஆதங்கத்தில், "இதுக்கு நீ டேனியல்கிட்டயே போயிருக்கலாம்" என்றேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்: "முதல்ல அங்கதான் போனேண்ணா. அவரு முடியாதுன்னுட்டாரு, அதான் உங்ககிட்ட வந்தேன்."

ஹெல்மெட்

அப்படி என்னதான் செய்கிறான் என்று பார்த்துவிடுவோம் என, ஒருநாள் காலை பம்மல் வழியாகப் பொழிச்சலூர் போனேன். அவன் ஷெட்டுக்கு எதிரே டீக்கடை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஓரமாக நின்றேன். வாசலில் நாலு வண்டி. தரையெல்லாம் சிமெண்ட், தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாது போல அத்தனை மட்டம். சம தரையில் நிறுத்தி அளந்தால்தான் டார்ஷன் பாரில் அளவு சரியாக வரும். என் ஷெட்டில் மண் தரை. அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு, கார் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. நான் தரையைப் பார்த்து வயிறெரிந்து நின்றேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். டேனியல் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பியதாகத் தெரியவில்லை. டீக்கடைக்காரர் ஒரு கிளாஸோடு வந்து நின்றார். "நான் கேக்கலியே" என்றேன். அவர் சொன்னார்: "டேனியல் அண்ணன் சொல்லி அனுப்சாரு, ஹெல்மெட் போட்டுகினு நிக்கிறவருக்கு சக்கரை கம்மியா ஒண்ணு குடுக்கச் சொல்லி."

எல், ஆர்

ஏகாம்பரம் முடிச்சூர்க்காரர், ஒரு காலத்தில் அங்கே நிலபுலன் இருந்த குடும்பம். அவர் தெருவில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சாதாரணக் கார் அந்தத் தண்ணீரில் போகாது என்பதற்காகவே பழைய வண்டியை வைத்திருந்தார். முன்பக்க டார்ஷன் பார் இரண்டையும் அதற்கு முந்தின வருஷம் நான்தான் மாற்றிப் போட்டிருந்தேன். ஐப்பசி பிறந்ததும் வந்தார். "இன்னா குணா, மறுபடியும் குந்திகினு கீது." இறுக்கினேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். இந்தத் தடவை போல்ட்டில் இறுக்க மரையே மிச்சமில்லை.

வானம் கறுத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மழை இறங்கி அந்த அம்மா வீட்டிலேயே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம், டேனியல் முன்னால் போய் நிற்பதா என்ற எரிச்சல் ஒரு பக்கம். பயம்தான் ஜெயித்தது. ஏகாம்பரத்தையும் ஏற்றிக்கொண்டு பொழிச்சலூர் போனேன்.

டேனியல் முதலில் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். அடியில் படுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் கம்பியின் முனையைத் துடைத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். வலது பக்கத்தில் இருந்த கம்பியில், இடது பக்கத்துக்கான 'எல்' என்ற எழுத்து குத்தியிருந்தது. இடது பக்கத்துக் கம்பியில் 'ஆர்'. ஒவ்வொரு கம்பியும் ஒரே ஒரு திசையில் முறுக்குவதற்கென்றே செய்தது. மாற்றிப் போட்டால் வண்டி நிற்கும், ஆனால் கம்பி தளர்ந்துகொண்டே போகும், ஒருநாள் உடையவும் செய்யும். துருவில் எழுத்தைப் பார்க்காமல் நான் மாற்றிப் போட்டிருக்கிறேன். வெளியே வந்த டேனியல் ஏகாம்பரத்திடம், "கம்பி பழசாயிடுச்சு சார், எங்கிட்ட ஒரு ஜோடி இருக்கு, போட்டுடலாம்" என்று மட்டும் சொன்னான்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். அந்தப் பெருந்தன்மையையும் அவனுக்கே விட்டுக்கொடுக்க மனசு வராமல், "தப்பு என்னோடது, இடம் மாத்திப் போட்டுட்டேன்" என்று போட்டு உடைத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் சேர்ந்து புதுக் கம்பிகளை மாட்டினோம். அந்த மழையில் ஏகாம்பரத்தின் அம்மா ஒரு நாள்கூட டயாலிசிஸைத் தவறவிடவில்லை. மழை விட்ட பிறகு ஏகாம்பரம் ஷெட்டுக்கு வந்து சொன்னார்: "அந்தாளு உன்ன காட்டிக் குடுக்கல, நீ ஒத்துக்கினே. இனிமே வண்டிய யார்கிட்ட உடறதுன்னு எனக்கே கொயப்பமா கீதுப்பா."

அட்ரஸ்

போன வருஷம் டேனியலின் மனைவிக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. ஷெட்டைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டான். கேள்விப்பட்ட அன்று, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, வீட்டுக்குப் போகும்போது அல்வா வாங்கிப் போனேன்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் என் மண் தரையில் மூன்று வண்டிகள். மூன்றும் டேனியலின் வாடிக்கை, மூன்று பேர் கையிலும் அவன் எழுதிக் கொடுத்த என் அட்ரஸ். அதில் ஒருவர், ராஜகீழ்ப்பாக்கத்து டாக்டரம்மா, நான் வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "என்னைப் பத்தி என்ன சொன்னான் மேடம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சொன்னார்: "குணா கொஞ்சம் அவசரக்காரர், ஆனா தப்புன்னா மறைக்க மாட்டார், பயப்படாம விடலாம்னு சொன்னார்."

எதிரில் இருக்கிறவனோடு போட்டி போடுவதுதான் கஷ்டம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், ஊரைவிட்டே போனவன் இப்படி நல்லவனாக இருந்து தொலைத்தால் அவனோடு போட்டி போடவே முடியாது என்பது இப்போதுதான் தெரிகிறது.