குளிப்பறைக் கதவுக்கு ஒரு பூச்சு

கல்யாணமான மூன்றாம் வருடம், எழுபதுகளின் தொடக்கத்தில், மணவாள நகரில் ஆறு வீடுகள் கொண்ட ஒரு வரிசையில் குடியேறினோம். என் கணவர் ஒரு பட்டறையில் ஃபிட்டர். எனக்குக் காக்களூரில் ஜன்னல் கிரில் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. வெல்டிங் முடிந்து வரும் கிரில்களைத் துடைத்து, துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும். என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான்தான். எனக்குத் தலைக்கனம் அதிகம் என்று என் நாத்தனார் சொல்வாள். அவள் சொன்னது பொய்யில்லை.

ஆறு வீட்டுக்கும் பின்புறம் ஒரே குளிப்பறை. மூன்று பக்கம் செங்கல் சுவர், நாலாவது பக்கம் கோணிப்பை. ஒருத்தி குளித்தால் இன்னொருத்தி கோணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பாள். வீட்டுச் சொந்தக்காரரிடம் கதவு கேட்டால், "மேஸ்திரிகிட்ட சொல்லிக்கீறேன்" என்பார். அந்த மேஸ்திரியை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

ஒரு ஆடி மாதம், மூன்றாவது வீட்டுப் பெண் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். காற்று ஒரே இழுப்பில் கோணியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. ஸ்டேஷனுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அந்தப் பக்கம்தான். ஷிப்டு முடிந்து நாலைந்து ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவள் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். நான் கொடியிலிருந்த புடவையை உருவிக்கொண்டு ஓடினேன். வீட்டுக்குள் கொண்டுபோய் விட்ட பிறகுதான் அழுதாள்.

"இனிமே நான் விடியறதுக்கு முன்னாடியே குளிச்சிக்கிறேங்க்கா" என்றாள்.

எனக்கு அந்த வார்த்தை தாங்கவில்லை. குளிப்பதற்குக்கூட இருட்டு வேண்டுமா?

எங்கள் கம்பெனிக்கு மெஷின் வந்திறங்கிய மரப்பெட்டிகள் ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தன. வெளுத்த, லேசான பலகைகள். முதலாளியிடம் கேட்டேன். அடுப்புக்குத்தானே என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். கதவுக்கு என்றதும் சிரித்துவிட்டார். என் கணவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளைச் சேர்த்து, குறுக்குச் சட்டம் அடித்துக் கதவாக்கி, நிலையும் வைத்தார். பெயிண்ட் என் பொறுப்பு.

நான் தவறியது அங்கேதான். தினமும் பிரஷ் பிடிக்கிறவள் என்ற நினைப்பில் யாரிடமும் கேட்கவில்லை. கம்பெனியில் கேட்டு வாங்கி வந்த ரெட் ஆக்சைடை அடித்து, மேலே நீல எனாமல் பூசினேன். கதவு கண்ணாடி மாதிரி மினுமினுத்தது. வரிசைப் பெண்கள் முகம் பார்த்துத் தலை சீவினார்கள்.

ஐப்பசி மழையில் அந்த நீலம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் தொட்டால் அப்பளம் போல உரிந்து வந்தது. கதவின் அடிப்பகுதி ஊறிப் பெருத்து, ஒரு நாள் நிலையில் இறுகிக்கொண்டது. உள்ளே, எங்கள் வரிசையிலேயே குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரரின் தங்கை. நாங்கள் வெளியிலிருந்து இழுக்க, அவர் உள்ளிருந்து உதைக்க, கடைசியில் கதவு கீலோடு பெயர்ந்து வந்தது.

"இன்னாமே கதவு போட்டுக்கீறே? உள்ளயே சமாதி கட்டிட்டிருப்பே போலக்கீதே!" என்று அந்த அம்மாள் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, ஒரு கோணியைத் தேடி எடுத்து மறுபடி கட்டினேன்.

என்னோடு வேலை செய்தவள் ஒருத்தி, பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். என் வயதுதான். மறுநாள் அவளிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ரெட் ஆக்சைடு இரும்புக்குடி. மரத்துக்கு அது இன்னா பண்ணும்?" என்றாள். "எங்க ஊர்ல படகு தண்ணியிலேயே கெடக்குது. அது ஊறிப்போச்சின்னு யாராவது அழுதுகினு கீறாங்களா? மரம் தண்ணி குடிக்கிறது மொகத்துல இல்ல, வெட்டுன முனையில. அந்த வாயை மொதல்ல அடைக்கணும்."

எனக்குச் சுரீரென்றது. கதவின் கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் நான் பிரஷ்ஷே காட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று விட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு பஸ் ஏறிப் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போனேன். கரையில் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அவளுடைய அண்ணன் குங்கிலியப் பிசினை இடித்து எண்ணெயில் காய்ச்சி, பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து அதன்மேல் பூசிக்கொண்டிருந்தார். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வேலையை நிறுத்தாமலே பதில் சொன்னார். "கொளுந்துவுட்டு எரியற அடுப்புல வெக்காதம்மா, குப்புனு புடிச்சிக்கும்" என்று மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். குங்கிலியம் தெரியாத பொருளில்லை, நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதுதான். அதை வைத்து வீட்டில் புகை போட்டிருக்கிறேன். கதவுக்கு ஆகும் என்று தோன்றியதில்லை.

இருந்தாலும் இந்த முறை யார் பேச்சையும் அப்படியே நம்பக்கூடாது என்றிருந்தேன், என் பேச்சு உட்பட. மிச்சப் பலகையில் கையகலத் துண்டுகள் நறுக்கினேன். ஒன்றுக்கு வார்னிஷ், ஒன்றுக்குத் தார், ஒன்றுக்கு லின்சீடு ஆயில் என்கிற ஆளிவிதை எண்ணெயும் எனாமலும், ஒன்றுக்கு லின்சீடு ஆயிலில் காய்ச்சிய குங்கிலியம். காயவிட்டு எல்லாவற்றையும் ஒரு தொட்டித் தண்ணீரில் போட்டுக் கல்லை வைத்து அழுத்தினேன். வரிசைப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"யக்கா, ஊறுகா போடுறியா?"

"ஆமா. ஊறுனா எனக்குச் சொல்லு" என்றேன்.

பத்தாம் நாள் எடுத்தேன். வார்னிஷ் துண்டு பால் ஊற்றினாற்போல வெளுத்துக் கிடந்தது. எனாமல் முகத்தில் நன்றாக இருந்தது, ஓரத்தில் விட்டுக்கொடுத்திருந்தது. தார் அடித்த துண்டு உள்ளே காய்ந்தேதான் இருந்தது. ஆனால் வெயிலில் வைத்ததும் இளகிக் கையில் ஒட்டியது. ஈரப் புடவையோடு வெளியே வருகிறவளுக்கு அது ஆகாது. குங்கிலியத் துண்டை என் கணவர் உளியால் பிளந்து காட்டினார். உள்ளே மரம் உலர்ந்து, வாசனையோடு இருந்தது.

"படகுக்காரன் தப்பு சொல்லல" என்றார்.

"அவர் சொன்னதால இல்ல, நானே பாத்துட்டேன்" என்றேன்.

உடனே பூசிவிடவில்லை. கதவை வீட்டுக்குள் சுவரில் சாய்த்து, மழை போகும்வரை காத்திருந்தேன். ஈர மரத்தை மூடினால் உள்ளேயே புழுங்கும் என்று இப்போது எனக்குத் தெரிந்திருந்தது. தை மாத வெயிலில் பழைய நீலத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வாசலில் கரி அடுப்பின் கங்கில் வைத்துக் குங்கிலியம் காய்ச்சினேன். பக்கத்தில் ஒரு முறம் மணல், எதற்கும் இருக்கட்டும் என்று. முதலில் வெட்டு முனைகளுக்குச் சூடாகப் பூசினேன். மரம் அதை உறிஞ்சியது. மறுபடி பூசினேன், மறுபடி உறிஞ்சியது. நாலாம் தடவைதான் போதும் என்று நின்றது. கொஞ்சம் எண்ணெயில் சுண்ணாம்புச் சாக்பொடி குழைத்து லப்பமாக்கிப் பலகை இடுக்குகளையும் ஆணித் துளைகளையும் அடைத்தேன். பிறகு இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பூச்சு. வாரக்கணக்கில் காயவிட்டு, லேசாகத் தேய்த்து, கடைசியில்தான் எனாமல்.

நிறத்துக்கு வரிசையே கூடிவிட்டது. ஒருத்திக்கு ரோஸ், ஒருத்திக்கு மறுபடி நீலம். மூன்றாவது வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து, "பச்சை போடுக்கா. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்" என்றாள். இலைப்பச்சை வாங்கி அடித்தேன், என் கணவர் கதவைப் புதுக் கீல் போட்டு மாட்டினார்.

அடுத்த ஐப்பசி வந்தது. அந்த வருடம் மழை ஓயாமல் பெய்தது. பின்புறம் கணுக்கால் தண்ணீர். தினமும் வேலைக்குப் போகும் முன்பு கதவைத் திறந்து மூடிப் பார்ப்பேன். ஒரு விரலால் இழுத்தால் போதும், திறந்துகொள்ளும். ஒரு கொப்புளம் இல்லை. மழை விட்ட ஒரு பகல் நேரம், விடுமுறையில் வீட்டிலிருந்தேன். பின்புறம் தண்ணீர் ஊற்றும் சத்தமும் பாட்டும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பச்சைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மூன்றாவது வீட்டுப் பெண் பட்டப்பகலில் சாவகாசமாகப் பாடிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தாள். காவலுக்கு வெளியே யாரும் இல்லை. நான் அவளைக் கூப்பிடவில்லை. கையிலிருந்த முறத்தோடு அங்கேயே நின்று அந்தப் பாட்டு முடியும்வரை கேட்டேன். என் வாழ்க்கையில் சம்பளம் வாங்கிய நாட்களில்கூட நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை.

பிறகு எதிர் வரிசைப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கும் கோணிதான். "நீயே வந்து அடிச்சிக் குடுக்கா" என்றார்கள். "நான் அடிக்க மாட்டேன், நீங்க அடிங்க, நான் நின்னு பாக்குறேன்" என்றேன். வெட்டு முனையை விட்டுவிட்டு அழகான முகத்துக்கு ஓடிய ஒவ்வொருத்தியையும் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். அவர்கள் கடைசிப் பூச்சாகப் பச்சை எனாமல் அடித்த அன்று, கையைப் பிடித்துக் காட்டியதில் என் விரலிலும் ஒட்டியது; மாலை ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் பச்சை போகவில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என் கையையே பார்த்தார்.

"இன்னாம்மா கையில, மருதாணி பச்சையாவே கீது?"

"மருதாணி இல்லம்மா, பெயிண்டு" என்றேன். இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, அந்தக் கையாலேயே சாப்பிட ஆரம்பித்தேன்.